நட்சத்திர எழுத்தா, குலதெய்வமா, எண் கணிதமா: குழந்தைக்கு எதை வைத்துப் பெயர் முடிவு செய்வது?

குழந்தை பிறந்து இரண்டு நாள் ஆவதற்குள் ஜோசியர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு வீட்டுக்கு வந்துவிடும். நட்சத்திரம், பாதம், ராசி, அதற்குக் கீழே பெயர் தொடங்க வேண்டிய ஓர் எழுத்து. தாத்தா தன் அப்பா பெயர் வர வேண்டும் என்று காத்திருப்பார். பாட்டி, மருமகள் மாசமாக இருந்தபோதே குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டிருப்பார். சித்தப்பா ஒருவர் கூட்டு எண் ஐந்து வருகிற பெயர்களாகப் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருப்பார். பெற்றவர்கள் கல்யாணத்துக்கு முன்பே மனதில் வைத்திருந்த பெயர் ஒன்று இருக்கும். அது இவை எதிலும் அடங்காது.

எல்லாருமே பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கங்கள் ஒரே வயதுடையவை அல்ல, ஒரே காரியத்துக்கானவையும் அல்ல. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நட்சத்திரத்தை மதிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, முதல் எழுத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட நல்ல வழிகள் நம் மரபிலேயே இருக்கின்றன.

எழுத்து எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். 360 பாகை கொண்ட ராசி வட்டத்தை 27 நட்சத்திரங்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை). அதை நான்காகப் பிரித்தால் ஒரு பாதம் 3 பாகை 20 கலை. மொத்தம் 108 பாதங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. சந்திரன் இந்த வட்டத்தைச் சுற்றி வர 27 நாளுக்குச் சற்று மேல் ஆகிறது. அதனால் ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய ஒரு நாள், ஒரு பாதம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நிற்கும். அந்த ஆறு மணி நேரத்தில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே எழுத்துதான்.

இதில் ஒரு நிம்மதி இருக்கிறது. பிரசவ அறைக் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னே பின்னே இருந்தாலும் எழுத்து பெரும்பாலும் மாறாது. லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசி, சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவது. நிமிடக் கணக்கு அங்கேதான் முக்கியம். எழுத்துக்குச் சிக்கல் வருவது பாதம் மாறுகிற நேரத்தை ஒட்டிப் பிறந்த பிள்ளைக்கு மட்டுமே. அப்போது பழைய வாய்பாட்டுப்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு பாதத்தையும், இன்றைய வானியல் கணக்குப்படி கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கம் இன்னொரு பாதத்தையும் காட்டக்கூடும். ஜாதகத்தை எந்தப் பஞ்சாங்கப்படி எழுதுகிறீர்களோ அதையே எழுத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் ஆயுசுக்கும் சந்தேகம்தான் மிஞ்சும்.

சரி, இனி பட்டியல். சில நட்சத்திரங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. கார்த்திகைக்கு அ, இ, உ, எ. அமுதன், இனியா, உமையாள், எழிலன் என்று அள்ளிக்கொண்டு போகலாம். மகத்துக்கு ம, மி, மு, மே. அனுஷத்துக்கு ந, நி, நு, நே. விசாகத்துக்கு தி, து, தே, தோ. முகிலன், மேகலை, நிறைமதி, தேன்மொழி என்று நல்ல தமிழ்ப் பெயர்கள் எத்தனையோ.

ஆயில்யத்தில் பிறந்த பிள்ளையின் வீட்டில்தான் திண்டாட்டம். அதற்கு டி, டு, டே, டோ. டகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. வடமொழியிலும் இந்த ஒலியில் தொடங்கும் பெயர்கள் அரிது. பூசத்தின் நான்காம் பாதத்துக்கும் ட. அஸ்தத்தின் மூன்றாம் பாதத்துக்கு ண, திருவாதிரையின் மூன்றாம் பாதத்துக்கு ங. இந்த எழுத்துகளில் யாருக்குப் பெயர் வைக்க முடியும்? பெயர்ப் பட்டியல்களில் 'டி' வரிசைக்குப் போய்ப் பாருங்கள். எங்கும் கேள்விப்படாத, பொருளே இல்லாத பெயர்கள் வரிசையாக நிற்கும். பக்கத்தை நிரப்புவதற்காக உண்டாக்கிய பெயர்கள் அவை. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிள்ளை பத்து வயதில் "என் பேருக்கு என்னப்பா அர்த்தம்?" என்று கேட்கும்போது அந்த அப்பா என்ன சொல்வார்?

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த அட்டவணை வடமொழி ஒலிகளை வைத்துப் போடப்பட்டது. அதில் க ஒன்று, வலித்த க ஒன்று, மெலிந்த க வேறு. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே க. அட்டவணையைத் தமிழில் எழுதியவுடனே வேறு வேறு பாதங்களுக்கு ஒரே எழுத்து வந்துவிடுகிறது. பூ என்றால் அஸ்தமா, பூராடமா? இரண்டு பட்டியலிலும் அது இருக்கிறது. சித்திரை மூன்றாம் பாதத்துக்கு ர. அந்தப் பிள்ளைக்கு ராகவன் என்று வைத்து, தமிழ் முறைப்படி இராகவன் என்று எழுதினால் முதல் எழுத்து இ. அது கார்த்திகையின் எழுத்து. திருவோணத்துக்குச் சில பட்டியல்கள் ஜு, ஜே, ஜோ, கா என்கின்றன. சில கி, கு, கே, கோ என்கின்றன. அபிஜித்தை 28ஆவது நட்சத்திரமாகச் சேர்த்துக்கொள்பவர்கள் ஜு, ஜே, ஜோ, கா ஆகியவற்றை அதற்குக் கொடுத்துவிடுகிறார்கள். வித்தியாசம் அங்கிருந்து வருகிறது. எழுத்தை ஒரு வழிகாட்டுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கும், அதுவே எல்லை என்று நினைக்க வேண்டாம் என்பதற்கும் இவ்வளவு போதும்.

அனுபவப்பட்ட ஜோசியர்கள் இதில் பிடிவாதம் பிடிப்பதில்லை. அந்தப் பாதத்தின் எழுத்து சரிப்படவில்லை என்றால் அதே நட்சத்திரத்தின் மற்ற மூன்று எழுத்தில் ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அதுவும் இல்லையென்றால் ராசிக்குரிய ஒன்பது எழுத்து. கடக ராசிக்குப் புனர்பூசம் நான்காம் பாதத்தின் ஹியும், பூசத்தின் ஹு, ஹே, ஹோவும் சேரும் என்பதால் ஆயில்யத்துப் பிள்ளைக்கு ஹேமா, ஹேமந்த் என்று வைப்பது உண்டு. அஸ்தத்துப் பிள்ளைக்குக் கன்னி ராசியின் பகரம் கிடைக்கும். பாரதி என்று தாராளமாக வைக்கலாம்.

இந்த எழுத்துக்கு ஜோதிடத்தில் உண்மையிலேயே பயன்படும் இடம் ஒன்று இருக்கிறது. ஜாதகம் இல்லாதவர்களுக்குப் பொருத்தம் பார்க்கும்போது, பெயரின் முதல் எழுத்தை வைத்து நட்சத்திரத்தையும் ராசியையும் எடுத்துக்கொள்வார்கள். நாம நட்சத்திரம், பெயர் ராசி என்பது அதுதான். பிறந்த நேரமே குறித்து வைக்காத காலத்தில் அது பெரிய உதவி. உங்கள் பிள்ளைக்கு நேரம், நட்சத்திரம், பாதம் எல்லாம் கையில் இருக்கிறது. நாளைக்குப் பொருத்தம் பார்ப்பவர் ஜாதகத்தைத்தான் விரிப்பார். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கினாலும் குருக்கள் பெயரைத் தனியாகவும் நட்சத்திரத்தைத் தனியாகவும் கேட்டுத்தான் சங்கல்பம் செய்கிறார். நட்சத்திரத்தைச் சுமக்கும் வேலையைப் பெயருக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எங்குமே இல்லை.

இன்னும் பின்னால் போய்ப் பார்த்தால் தெளிவாகும். பெயர் சூட்டும் நாமகரணச் சடங்குக்கு ஆதாரமாகச் சொல்லப்படுபவை கிருஹ்ய சூத்திரங்கள் என்ற பழைய வடமொழிச் சடங்கு நூல்கள். அவை பெயரைப் பற்றிப் பேசுகின்றன. ஆண் பிள்ளைக்கு இரண்டு அல்லது நான்கு அசை, பெண் பிள்ளைக்கு ஒற்றைப்படை அசை, கேட்க இனிமையான ஒலி என்று விதிக்கின்றன. மனு ஸ்மிருதி பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ என்கிறது. பெண்ணின் பெயர் எளிதாகச் சொல்லும்படியும் மங்கலமாகவும், நெடிலில் முடிவதாகவும் இருக்கட்டும் என்கிறது. பாதத்துக்கு ஓர் எழுத்து என்ற விதி இந்த இடங்களில் இல்லை. தமிழ்நாட்டில் பலர் பின்பற்றும் ஆபஸ்தம்ப கிருஹ்ய சூத்திரம் நட்சத்திரப் பெயரைச் சொல்கிறது. ஆனால் அது ரகசியப் பெயர் என்கிறது. அதாவது நட்சத்திரப் பெயர் வீட்டுக்குள்ளே வைத்துக்கொள்வது. ஊர் கூப்பிடுவதற்கு வேறு பெயர். இன்று முதல் எழுத்திலேயே நட்சத்திரம் தெரிய வேண்டும் என்கிறோம். பழைய எண்ணம் இதற்கு நேர் எதிரானது.

சந்தேகம் இருந்தால் உங்கள் தாத்தா பாட்டிமார் பெயர்களை எடுத்து அவர்கள் நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பலருக்கு எழுத்து ஒத்துப்போகாது. அதனால் அவர்கள் வாழ்வு குறைந்துபோய்விடவில்லை.

அப்புறம், நட்சத்திரத்தை விட மனமில்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி: எழுத்தை விட்டுவிட்டு நட்சத்திரத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். ரோகிணி, ரேவதி, சுவாதி, பரணி, அஸ்வின், கார்த்திகா, விசாகன், ஆதிரை என்று நட்சத்திரமே அழகான பெயராகிறது. கேட்டை, மூலம் போன்றவை பெயராகாது என்றால் அந்த நட்சத்திரத்தோடு சேர்ந்த தெய்வத்தையோ அடியாரையோ எடுத்துக்கொள்ளலாம். ரோகிணி என்றால் கண்ணன். புனர்பூசம் ராமன். திருவாதிரை சிவன், ராமானுஜர் அவதரித்ததும் சித்திரை மாதத் திருவாதிரைதான். விசாகம் முருகன், நம்மாழ்வார். பூரம் ஆண்டாள். உத்திரம் ஐயப்பன். சுவாதி நரசிம்மர், பெரியாழ்வார். மூலம் என்று சொன்னாலே பயப்படுகிறார்கள். ஆனால் அனுமன் பிறந்தது மூலம், ஞானசம்பந்தர் குருபூசை வைகாசி மூலம், நவராத்திரியில் சரஸ்வதியை ஆவாகனம் செய்வதும் மூலத்தில். சதயம் என்றால் அப்பர் பெருமான்.

ஆயில்யத்துக்கு வருவோம். எழுத்துப்படி டி, டு, டே, டோ என்று முட்டிக்கொண்டு நின்ற வீடு அது. வால்மீகி ராமாயணப்படி லட்சுமணனும் சத்ருக்னனும் பிறந்த நட்சத்திரம் ஆயில்யம். அதன் தேவதை சர்ப்பம், ஆதிசேஷன். லட்சுமணன், சேஷாத்ரி, நாகராஜன், நாகலட்சுமி என்று வைத்தால் யாருக்கும் விளக்கிச் சொல்லலாம். பூசத்துக்கு பரதன் இருக்கிறான். தைப்பூசத்து முருகனும் இருக்கிறான். நட்சத்திரத்துக்கும் பெயருக்கும் ஒரு கதை ஏற்படுகிறது. அந்தக் கதையைக் கேட்டு வளரும் பிள்ளைக்குத் தன் நட்சத்திரம் கெட்டது என்ற நினைப்பு வராது. எழுத்து அட்டவணையால் இதைக் கொடுக்க முடியாது. நான் எழுத்தைவிட இதை மேலே வைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

மாதத்தை வைத்தும் ஒரு முறை உண்டு. மார்கழிக்குக் கேசவன், தைக்கு நாராயணன், மாசிக்கு மாதவன், பங்குனிக்குக் கோவிந்தன் என்று தொடங்கி கார்த்திகைக்குத் தாமோதரனில் முடியும். வைணவ வீடுகளுக்கு நன்றாகப் பொருந்தும்.

குலதெய்வப் பெயருக்கும் முன்னோர் பெயருக்கும் ஜோதிடத்தோடு சம்பந்தம் இல்லை. ஆனால் ஜோதிடம் பார்க்கும் வீடுகளில்கூட இவற்றின் முன்னால் எழுத்து தோற்றுப்போகும். தோற்பதும் சரி என்றே நினைக்கிறேன். முதல் மொட்டையும் காதுகுத்தும் எந்தச் சாமியின் முன்னால் நடக்கப்போகிறதோ அந்தச் சாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. பேச்சியம்மாள், இசக்கி, மாடசாமி, கருப்பசாமி, அய்யனார் என்ற பெயர்களைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களோ என்று பெற்றவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். அதற்காகப் பெயரையே கைவிட வேண்டாம். சாமியின் முன்னால் வைக்கும் பெயராக இதை வைத்து, பதிவுக்கு வேறு பெயர் கொடுக்கலாம். தாத்தா பெயருக்கும் இதே ஏற்பாடு நெடுநாளாக நடக்கிறது. மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட மருமகள் கூச்சப்படுவாள் என்பதால், பிள்ளைக்குப் பெரியவர் பெயரை வைத்துவிட்டு வீட்டில் ராஜா என்றோ தம்பி என்றோ கூப்பிட்ட குடும்பங்கள் ஏராளம்.

இனி எண் கணிதம். பலர் இதை ஜோதிடத்தின் ஒரு பகுதி என்றே நினைக்கிறார்கள். ஒன்று சூரியன், இரண்டு சந்திரன், மூன்று குரு, நான்கு ராகு என்று கிரகங்களின் பெயர் வருவதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் கணக்கு போடுவது ஆங்கில எழுத்தில். அயர்லாந்தில் பிறந்து 1936இல் மறைந்த கைரேகை ஜோசியர் கீரோ பரப்பிய முறைதான் இங்கே பெரும்பாலும் புழங்குகிறது. குமார் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முறையில் கே 2, யு 6, எம் 4, ஏ 1, ஆர் 2. மொத்தம் 15, கூட்டினால் 6. இன்னொரு ஏ சேர்த்தால் 16, கூட்டினால் 7. பித்தாகரஸ் பெயரால் வழங்கும் இன்னொரு முறையில் யு 3, ஆர் 9. அதே குமார் 19 ஆகி, 1 ஆகிவிடுகிறது. ஒரே பெயர் ஒரு முறையில் சுக்கிரன், இன்னொன்றில் சூரியன். இனிஷியலைச் சேர்க்க வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். தமிழில் எழுதும் பெயரோ, பிள்ளையின் நட்சத்திரமோ, குலமோ, கோத்திரமோ இந்தக் கணக்கில் எங்குமே நுழைவதில்லை.

இதில் நான் கடுமையாகவே இருக்கிறேன். ஜாதக மரபை மதித்துப் பெயர் வைக்க நினைப்பவர்கள் எண் கணிதத்தைக் கடைசியில் வைக்கலாம், விட்டுவிட்டாலும் குறையில்லை. தேவையில்லாத இரட்டை எழுத்துகளைத் திணிப்பதால் பிள்ளைக்கு வரும் தொல்லை நிஜமானது. பள்ளிச் சான்றிதழில் ஓர் ஏ, ஆதாரில் இரண்டு ஏ, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தகராறு. அதைச் சரிசெய்ய அரசிதழில் பெயர் மாற்றம் வரை போக வேண்டியிருக்கும். இரண்டு பெயர்கள் எல்லா வகையிலும் சமமாகப் பிடித்திருந்து, அவற்றில் ஒன்றுக்கு எண் நன்றாக அமைகிறது என்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு மேல் இடம் கொடுக்க வேண்டாம்.

தனித்தமிழ்ப் பெயர் வேண்டும் என்ற பெற்றோருக்கும் நட்சத்திரம் பார்க்கும் பெரியவர்களுக்கும் நடக்கும் இழுபறி பல வீடுகளில் தேவையில்லாதது. ஆதிரை மணிமேகலைக் காப்பியத்தில் வரும் பெயர். நட்சத்திரப் பெயரும் அதுவே. முருகன், கண்ணன், மாயோன், கோதை எல்லாம் தெய்வப் பெயர்கள், தமிழ்ப் பெயர்களும்கூட. விசாகத்தில் பிறந்த பிள்ளைக்கு வேலன் என்று வைத்தால் தாத்தாவும் மறுக்க மாட்டார், அப்பாவும் மறுக்க மாட்டார்.

ஆக, வீட்டில் பேச்சு முற்றிவிட்டது என்றால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் வேண்டுதல் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அந்தப் பெயர் எங்காவது இடம் பெற வேண்டும், அதை மீறினால் பெரியவர்கள் மனம் ஆறாது. அடுத்து நட்சத்திரத்துக்குரிய தெய்வங்கள், அடியார்கள் பெயர்களிலிருந்து கணவனும் மனைவியும் ஆளுக்கு நான்கைந்து எடுத்து எழுதுங்கள். அதில் எழுத்தும் பொருந்துகிற பெயர் தானாக அமைந்தால் சந்தோஷம். அமையாவிட்டால் எழுத்துப்படியான பெயரை நாமகரணத்தன்று காதில் மூன்று முறை சொல்லி, தாம்பாளத்து அரிசியில் எழுதி, வீட்டுப் பெயராக வைத்துக்கொள்ளுங்கள். பதிவுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த பெயர் போகட்டும். இரண்டு பெயர் வைப்பதைச் சமாளிப்பு என்று நினைக்காதீர்கள். முன்னே சொன்ன ரகசியப் பெயர் வழக்கம் அதுதான். முடிவாகாமல் இரண்டு மூன்று பெயர் மிஞ்சினால் சீட்டு எழுதி சாமி முன்னால் போட்டு எடுப்பதும் நல்ல வழி. அதன் பிறகு யாரும் யாரையும் குறை சொல்ல இடமில்லை.

தேர்ந்தெடுத்த பெயரை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். வாசலில் நின்று தெருவில் விளையாடும் பிள்ளையை அழைப்பது மாதிரி. இனிஷியலோடு சேர்த்தும் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராத பெயரை ஊரே சுருக்கிவிடும். அந்தச் சுருக்கம் பிடிக்கிறதா என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும்.

அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதுதான் விதி. பெயர் இல்லாமலே பதியலாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் போன்றவற்றுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அதனால் முதல் வருஷத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. பெயரைச் சேர்க்கப் போகும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுத வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். சான்றிதழ் கைக்கு வந்தவுடன் இரண்டு மொழியிலும் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துவிட்டு, பிறகு ஆதாருக்கு விண்ணப்பியுங்கள்.